மாடத்துள் சிங்கம்: பிளாண்டர்ஸ் பொற்காசுகளும் கோதிக் கலையும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் பிறழாத நேர்மை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிப் பழகியவர்க்கு 14-ஆம் நூற்றாண்டுப் பிளாண்டர்ஸ் நாட்டுப் பொற்காசுகள் ஒரு விந்தையான சிக்கலை முன்வைக்கின்றன. காசு என்ற வகையில் அவை இடைக்கால ஐரோப்பா ஆக்கிய மிக அழகிய சிறுபொருள்களுள் வைத்து எண்ணத் தக்கவை. நேர்மை என்ற வகையில் பார்த்தாலோ, அவற்றை அடிப்பித்த லூயி தெ மால் என்னும் கோமகன், காசின் எடையையும் மாற்றையும் ஓயாமல் மாற்றிக் கருவூலத்தை நிரப்பிக்கொண்ட ஆட்சியாளருள் முன்வரிசையில் நிற்பவன். அழகும் மெய், குறையும் மெய். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்து எழுதப்பெறும் பாராட்டுரைகள் பல. கலைநூலார் மாற்றுக் குறைவைப் பேசுவதில்லை. பொருளியல் வரலாற்றார் வனப்பைப் பேசுவதில்லை. காசோ இரண்டு பக்கமும் உடையது.

பிளாண்டர்ஸ் என்பது இன்றைய பெல்ஜியத்தின் மேற்குப் பகுதியையும் பிரான்சின் வடகோடியையும் தழுவிய பழைய நாடு. அதன் கோமகன் பெரும்பகுதி நிலத்துக்குப் பிரெஞ்சு மன்னனுக்கும், எஞ்சிய கிழக்குப் பகுதிக்குச் செருமானியப் பேரரசனுக்கும் கட்டுப்பட்டவன். ஆனால் அந்நாட்டை வாழவைத்தது இவ்விருவரும் அல்லர். இங்கிலாந்து ஆட்டின் மயிர்! கென்ட், புரூஜ், ஈப்பர் ஆகிய நகரங்களின் தறிகள் ஆங்கிலக் கம்பளியின்றி ஓடமாட்டா. எனவே பிரெஞ்சு மன்னனுக்கும் ஆங்கில மன்னனுக்கும் போர் மூண்ட காலத்தில், கோமகன் ஒரு பக்கமும் அவனுடைய நெசவாளர் மறுபக்கமும் இழுத்தனர். புரூஜ் நகரமோ வணிகர் பலமொழி பேசிக் கூடிய சந்தை. அங்கு வான் டெர் பூர்சே என்னும் குடும்பத்தாரின் விடுதியின் முன் வணிகர் கூடிப் பேரம் பேசிய வழக்கத்திலிருந்தே, பங்குச் சந்தையைக் குறிக்கும் 'பூர்ஸ்' என்ற சொல் ஐரோப்பிய மொழிகளில் வழங்கலாயிற்று.

வட ஐரோப்பாவில் பொன் மீண்டும் காசாக நடமாடத் தொடங்கியது பிந்தித்தான். புளோரன்ஸ் நகரம் தன் புளோரினை 1252-இலும் வெனிஸ் தன் டூக்கட்டை 1284-இலும் வெளியிட்டன. பிரான்சில் ஒன்பதாம் லூயி 1266-இல் ஒரு பொற்காசு அடிப்பித்தான், அது வேரூன்றவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் அங்கேரி நாட்டுச் சுரங்கங்கள் பொன்னைச் சொரியத் தொடங்கின. கிரெம்னித்சா என்னும் சுரங்க நகரில் 1328-இல் அக்கசாலை ஏற்பட்டது. சகாரா கடந்து வந்த மேற்கு ஆப்பிரிக்கப் பொன்னும் அதனோடு சேர்ந்தது. இத்தாலிய வணிகர் கம்பளியும் துணியும் வாங்கப் பொன்னைக் கொண்டு வடக்கே வந்தனர். 1337-இல் பிரெஞ்சு மன்னன் ஆறாம் பிலிப், அரியணையில் அமர்ந்த தன் உருவம் பொறித்த ஒரு பொற்காசை வெளியிட்டான். 'இருக்கைக் காசு' என்று அதைச் சொல்லலாம். வலக்கையில் வாள்; இடக்கையில் கேடயம்; பின்னே கூர்முனைச் சிகரங்கள் நிமிர்ந்த அரியணை; சுற்றிலும் பலவளைவுச் சட்டம். வடநாட்டுப் பொற்காசின் கோதிக் இலக்கணம் அந்த ஒரு காசிலேயே வகுக்கப்பட்டுவிட்டது எனலாம்.

அவ்விலக்கணத்தைப் புரிந்துகொள்ள, முதலில் காசைக் கையில் வைத்துப் பார்ப்பது போல அதன் உடலை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் குறுக்களவு. எடை 4 முதல் 7 கிராம் வரை. பொன் மிகக் கனமான உலோகம். ஆகையால் 5 கிராம் பொன்னை அவ்வளவு அகலத்துக்குத் தட்டினால் தகட்டின் தடிப்பு அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. மடக்கினால் மடங்கும் தகடு அது. கிரேக்கர் தம் தடித்த வெள்ளிக் காசுகளில் தெய்வத்தின் கன்னத்தையும் மூக்கையும் புடைத்தெழச் செய்தனர். அவ்வளவு ஆழம் இத்தகட்டில் கிடையாது. முன்பக்கத்தில் ஒன்றைப் புடைக்கச் செய்தால் பின்பக்கம் குழிந்துவிடும். எனவே பிளாண்டர்ஸ் அச்சு வெட்டுவோனுக்குச் சிற்பியின் வழி அடைபட்டுவிட்டது. ஓவியனின் வழியே எஞ்சியது. உருவத்தைத் திரட்சியால் அன்றிக் கோட்டால் காட்டவேண்டிய கட்டாயம்.

அங்கேதான் கோதிக் கலை அவனுக்குக் கைகொடுத்தது. கோதிக் கோயில் சுவர்களைக் கரைத்துக் கோடுகளாக்கிய கலை. கல்லைக் கூர்வளைவாகவும், விலாவாகவும், பலகணியின் மூவிதழ் நால்விதழ்ப் பின்னலாகவும் இழைத்துவிட்டு, இடையிலே ஒளியை நிரப்பியது. கனத்தை மறுப்பதே அதன் உயிர். அத்தகைய கலையைத் தகடு போன்ற பொன்னில் இறக்கினால் பொன்னுக்கும் கலைக்கும் பகை இல்லை. கண்ணாடிப் பலகணியில் ஈயக் கோடு செய்யும் வேலையைக் காசில் நுண்ணிய மேடு செய்கிறது. வண்ணக் கண்ணாடி இருந்த இடத்தில் பளபளக்கும் பொன்வெளி நிற்கிறது. கோயிற் கலையை அலங்காரத்துக்காகக் காசில் ஒட்டிவைத்தார்கள் என்று சிலர் எழுதுவது மேலோட்டமான கருத்து. பொருளின் இயல்பும் கலையின் இயல்பும் பொருந்திய இடம் அது.

அச்சு வெட்டிய முறையும் இதற்குத் துணை நின்றது. கீழச்சு ஒரு மரக்கட்டையில் பதிந்திருக்கும், அதன்மேல் பொன்வில்லை, வில்லையின்மேல் கையால் பிடித்த மேலச்சு, அதன் தலையில் சம்மட்டி அடி. இவ்வளவே கருவி. அச்சின் முகத்தில் எல்லாம் இடவலம் மாறி, குழிவாக வெட்டப்பட வேண்டும். முழுவதையும் உளியால் செதுக்குவதில்லை. சிறு சிறு எஃகு முனைகள் செய்துவைத்திருப்பர்: ஒன்று பிறைவளைவு, ஒன்று நேர்கோடு, ஒன்று இதழ், ஒன்று புள்ளி. இவற்றை மாறி மாறிக் குத்தி எழுத்தையும் பூவையும் வளைவையும் கட்டுவர். கூர்வளைவுச் சட்டம் என்பது ஒரே பிறையைப் பலமுறை வட்டமாகக் குத்தினால் உருவாவது. கோதிக் அழகின் அடிப்படையும் அதுவே: ஒரு சிறு வடிவம் திரும்பத் திரும்ப வந்து பெருவடிவம் ஆதல். கொத்தன் கல்லில் செய்ததைக் கம்மியன் எஃகில் செய்தான்.

இனி லூயி தெ மாலின் காசுகள். அவன் தந்தை 1346-இல் கிரெசிப் போரில் பிரெஞ்சு மன்னனுக்காகப் போரிட்டு மாண்டான். அவ்வாண்டு பட்டத்துக்கு வந்த லூயி 1384 சனவரியில் இறக்கும் வரை ஆண்டான். கென்ட், புரூஜ், மெக்கலன் ஆகிய இடங்களில் அவனுடைய அக்கசாலைகள் இயங்கின. ஆட்சியின் முற்பகுதியில் அவன் அடிப்பித்த பொற்காசுகளில் தனக்கென ஒரு வடிவம் இல்லை. பிரெஞ்சு மன்னனின் இருக்கைக் காசை அப்படியே எடுத்துக்கொண்டான். லில்லி மலர்க் கேடயம் இருந்த இடத்தில் சிங்கக் கேடயத்தை வைத்தான். பிரான்சில் 1355-இல் கொடி தாங்கிய ஆட்டுக்குட்டிக் காசு வந்தது. பிளாண்டர்சிலும் ஆட்டுக்குட்டி வந்தது. புவாத்தியே போர்க்களத்தில் ஆங்கிலரிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு மன்னன் ஜான், 1360-இல் விடுதலையாகி, குதிரைமேல் விரையும் வீரன் உருவம் பொறித்த 'பிராங்' காசை வெளியிட்டான்; சிறிது காலத்தில் லூயியும் குதிரை ஏறிவிட்டான்!

இவற்றை வெறும் போலிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இடைக்காலக் காசுலகில் பாவனை செய்தல் இழிவு அன்று, வணிகத் தேவை. பழகிய முகமுள்ள காசையே அயலூர் வணிகன் தயங்காமல் வாங்குவான். ஆயினும் கலை நோக்கில் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. கோமகன் அரியணையில் அமர்ந்திருக்கும் காசில் எல்லாம் இருக்கிறது, உரிமை ஒன்றுதான் இல்லை. அரசனுக்குக் கட்டுப்பட்டவன் அரசனுடைய இருக்கையில் அமர்ந்து, அவன் வாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். நாடகத்தில் இரவல் உடை அணிந்த நடிகனைப் போல, அணிமணி எல்லாம் சரியாக இருந்தும் ஆள் பொருந்தவில்லை.

1365-ஆம் ஆண்டையொட்டி இந்நிலை மாறியது. அப்போது வெளிவந்த சிங்கக் காசே இக்கட்டுரையின் நடுப்பொருள். எடை ஏறத்தாழ 5.4 கிராம். முன்பக்கத்தில் கோதிக் மாடம் ஒன்று எழுகிறது: இருபுறமும் தூண்கள், மேலே விதானம், அதன்மேல் ஊசிச் சிகரங்கள். மாடத்துள் இருப்பது துறவியும் அல்லன், தேவமாதாவும் அல்லள், மன்னனும் அல்லன். முன்கால் ஊன்றி அமர்ந்த சிங்கம் ஒன்று! அதன் தலையில் போர்வீரன் அணியும் பெரிய தலைக்கவசம். சுற்றிலும் இலத்தீன் எழுத்தில் லூயியின் பெயரும், இறையருளால் பிளாண்டர்சின் கோமகன் என்ற விருதும். பின்பக்கத்தில் இலையும் மலரும் விரிந்த சிலுவை. அதைச் சூழ வழிபாட்டில் வழங்கும் வாழ்த்துத் தொடர் ஒன்று.

இதில் நிகழ்ந்த மாற்றம் சிறிதன்று. கோதிக் கலையில் மாடமும் விதானமும் வெறும் கட்டடப் பகுதிகள் அல்ல, மதிப்பின் இலக்கணம். எவர் தலைமேல் விதானம் நிற்கிறதோ அவர் வணக்கத்துக்குரியவர். கோயில் வாயிலில் திருத்தொண்டர் சிலைகள் அப்படித்தான் நிற்கின்றன. பிரெஞ்சுக் காசு அவ்விலக்கணத்தை அரசனுக்கு எடுத்துக்கொண்டது. பிளாண்டர்ஸ் காசோ அரசனையும் இறக்கிவிட்டு, கொடியில் ஆடிக்கொண்டிருந்த விலங்கை அங்கு ஏற்றி அமர்த்தியது. அச்சிங்கம் கோமகனின் குலச்சின்னம். 1162-ஆம் ஆண்டின் ஒரு முத்திரையிலேயே காணப்படுவது. அதே வேளையில் அது மக்களின் சின்னமும் ஆகிவிட்டிருந்தது. 1302-இல் கோர்ட்ரெய்க் நகரின் வெளியில் பிளாண்டர்சின் நெசவாளரும் கைவினைஞரும் காலாட்படையாக நின்று பிரெஞ்சுக் குதிரை வீரர்களை முறியடித்த நாள் அவர்கள் நினைவில் மங்கவில்லை. ஆகவே மாடத்துள் அமர்ந்தது யார்? கோமகனா, நாடா? இவ்வினாவுக்கு விடை சொல்லாமல் விட்டதே அச்சு வெட்டியவனின் திறம். சிங்கம் நாட்டுக்கு உரியது. தலைக்கவசம் கோமகனுக்கு உரியது. நாட்டின் உடலில் கோமகனின் தலை! அரசியலில் ஒட்டாத இரண்டு காசில் ஒட்டிக்கொண்டன.

இன்னொரு நுட்பமும் உண்டு. பிளாண்டர்சின் சின்னம் பொன் நிறக் களத்தில் கருஞ்சிங்கம். துணியிலோ மரப்பலகையிலோ அதை எழுதுவோர் மஞ்சள் வண்ணத்தைக் குழைத்துப் பொன்னைப் பாவனை செய்ய வேண்டும். காசில் பாவனைக்கு வேலை இல்லை. களம் மெய்யாகவே பொன். கைபட்டுப் பழகிய காசில் கோடுகளின் இடுக்கில் அழுக்குப் படிந்து சிங்கம் சற்றே கறுத்துத் தோன்றும்போது, சின்னம் தானே நிறைவுறுகிறது. இதை எவரும் திட்டமிட்டிருக்க மாட்டார். எனினும் காணும் கண் மகிழ்கிறது.

இக்காசின் மாடத்தைப் புரிந்துகொள்ள அக்காலத்து வேறு பணிகளையும் அருகில் வைத்துப் பார்ப்பது நலம். கோர்ட்ரெய்க் நகரின் மாதா கோயிலை ஒட்டி, 1370-ஐ அடுத்த ஆண்டுகளில் லூயி தனக்கென ஒரு சிறுகோயில் கட்டுவித்தான். அங்குள்ள புனித கேத்தரின் சிலையை வலான்சியன் நகரத்துச் சிற்பி ஆந்திரே போன்வோவின் கைவேலை என்பர். புரூஜ் நகர மன்றம் 1376-இல் தொடங்கப்பெற்றது. அதன் முகப்பு முழுவதும் மாடங்கள், மாடந்தோறும் சிலை. பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்த 1792-இல் அச்சிலைகள் உடைத்தெறியப்பட்டன. இன்று நிற்பவை பிற்காலத்தவை. கல்லில் எழுந்த மாடங்கள் தம் உருவங்களை இழந்தன. பொன்னில் எழுந்த மாடத்துள் சிங்கம் இன்னும் இருக்கிறது. பெரியது அழியச் சிறியது நின்றது. பொற்கொல்லரும் அக்காலத்தில் இறைப்பொருள் வைக்கும் பேழைகளைக் குட்டிக் கோயில்களாகவே செய்தனர். முத்திரை வெட்டுதலும் அவர்கள் தொழிலே. விரல் நுனி அளவில் கோபுரம் கட்டும் பயிற்சி ஏற்கெனவே இருந்தது. காசு அதைப் பயன்படுத்திக்கொண்டது.

டச்சு வரலாற்றாசிரியர் யோகான் ஹூய்சிங்கா, இடைக்காலத்தின் இலையுதிர்வைப் பற்றி 1919-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், பிளாண்டர்ஸ்-பர்கண்டிப் பண்பாடு வெற்றிடத்தைக் கண்டு அஞ்சியது என்றும், எங்கும் எதையும் அணியின்றி விடாத அந்த ஆசை ஒரு காலத்தின் முடிவுக்கு அறிகுறி என்றும் கருதினார். ஆழமான கருத்து, ஆனால் காசுக்கு அதை அப்படியே பொருத்துவது தகாது. காசில் வெற்றிடத்தை நிரப்புவதற்குக் கலைச்சோர்வு காரணமன்று, அச்சம்தான் காரணம். அதுவும் வெற்றிடத்தைப் பற்றிய அச்சம் அன்று, கத்தரிக்கோலைப் பற்றிய அச்சம்! விளிம்பைச் சுரண்டிப் பொன் திருடுவோர் எங்கும் இருந்தனர். எழுத்து வட்டமும் அதை அணைத்த முத்துவட்டமும் விளிம்பு வரை நின்றால், எழுத்து குறைந்த காசைக் கண்டவுடன் கண்டுபிடித்துவிடலாம். நெருக்கமான நுண்வேலை கள்ளக்காசு செய்வோனுக்கும் தலைவலி. ஆகவே அணிமிகுதி இங்கே காவல். தவிர, சிங்கக் காசில் வெற்றிடம் இல்லாமலும் இல்லை. விலங்கின் முதுகுக்கும் தூணுக்கும் இடையே விட்ட சிறு பொன்வெளியே அதை மூச்சுவிடச் செய்கிறது. ஹூய்சிங்கா கண்டித்த மிகுதியை வேண்டுமானால் 1367-ஐ ஒட்டி வந்த தலைக்கவசக் காசில் காணலாம். ஏறத்தாழ 7 கிராம் எடையுள்ள பெரிய காசு அது. கவசமும் சிகரமும் சிங்கமும் சட்டமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. கண் எங்கே அமர்வது என்று தெரியாமல் அலைகிறது. பெருமை பெருத்தது; கலை இளைத்தது. விலை கொடுத்து வாங்குவோர் அதையே பெரிதும் விரும்புவர். அளவு பெரிதாயின் அழகும் பெரிது என்ற மயக்கம் எக்காலத்துக்கும் பொது.

இனி மறுபக்கம். தலைக்கவசம் அணிந்த இதே சிங்கம் வெள்ளியிலும் அடிக்கப்பட்டது. அவ்வெள்ளிக் காசுக்கு மக்கள் இட்ட பெயர் 'பொட்திராகர்'. பானை சுமப்பவன் என்று அதற்குப் பொருள் சொல்வர். கோமகனின் வீரத் தலைக்கவசம் ஊராருக்குக் கவிழ்த்த பானையாகத் தெரிந்திருக்கிறது! அந்நாளைய கலைத் திறனாய்வு இதைவிடச் சுருக்கமாக அமைந்ததில்லை. ஆனால் நகைப்புக்குப் பின்னே கசப்பும் இருக்கிறது. பொற்காசு பெருவணிகனின் பேழையிலும், நிலக்கிழாரின் கணக்கிலும், மன்னர்களுக்கிடையே நடந்த கொடுக்கல் வாங்கலிலும் புழங்கியது. தறியில் அமர்ந்தவனின் கூலி வெள்ளியில். பொற்சிங்கத்தின் மாற்று உயர்ந்தே இருந்தது. அயலான் உரைகல்லோடு காத்திருந்தான் அல்லவா? பானை சுமந்த வெள்ளிச் சிங்கத்தின் வயிற்றிலோ செம்பு ஏறிக்கொண்டே போயிற்று. ஒரே சிங்கம், ஒரே கவசம். ஆனால் உள்ளீடு வேறு.

இது எப்படி நடந்தது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். வணிகன் பொன்னோ வெள்ளியோ கொண்டுவந்து அக்கசாலையில் கொடுத்தால், காசாக்கித் தரும்போது கோமகன் தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்வான். அக்கசாலைக்கு உலோகம் வராவிடில் பங்கும் இல்லை. உலோகத்தை வரவழைக்க ஒரு வழி, புதுக்காசு வெளியிடுவது: பழையதைவிடச் சற்று எடை குறைந்ததாகவோ மாற்றுக் குறைந்ததாகவோ செய்து, கொண்டுவருவோனுக்கு எண்ணிக்கையில் கூடுதலாகத் தருவது. எண்ணிக்கை கூடியதில் மகிழ்ந்து அவனும் கொண்டுவருவான். பொருள்களின் விலை ஏறும்போதுதான் உண்மை விளங்கும். புதுக்காசு பழையதினின்று வேறுபட்டதெனக் காட்டப் புது உருவம் வேண்டும். லூயியின் ஆட்சியில் இருக்கை, ஆட்டுக்குட்டி, குதிரைவீரன், சிங்கம், தலைக்கவசம் என்று உருவங்கள் இத்தனை விரைவாக மாறியதற்குக் கலைத்தாகம் காரணமன்று. வருவாய்த் தாகமே அச்சு வெட்டுவோனுக்கு ஓயாமல் வேலை கொடுத்தது. பெல்ஜிய வரலாற்றறிஞர் ஹான்ஸ் வான் வெர்வெக்கே 1949-இல் வெளியிட்ட ஆய்வுரை இதே கோமகனை எடுத்துக்காட்டாகக் கொண்டு, காசின் தரத்தை மாற்றுவது இடைக்கால ஆட்சியாளருக்கு எவ்வாறு வரிக்கு ஈடான வருவாயாயிற்று என்று ஆராய்ந்தது.

இதைக் கண்டித்தவர் அக்காலத்திலேயே இருந்தனர். நிக்கோல் ஒரெம் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1355-ஐ அடுத்த ஆண்டுகளில் நாணயத்தைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். காசில் அரசனின் உருவம் இருக்கலாம், ஆனால் காசு அரசனுடையது அன்று, அதைப் பயன்படுத்தும் மக்களுடையது. அவர்கள் இசைவின்றி அதன் தரத்தை மாற்றிப் பெறும் ஊதியம் வட்டித்தொழிலைவிடக் கொடியது என்பது அவர் முடிபு. இந்நோக்கில் சிங்கக் காசைத் திரும்பவும் பார்த்தால், மாடத்துள் நாட்டின் சின்னத்தை ஏற்றியது பொருளாழம் பெறுகிறது. காசு நாட்டினுடையது என்று உருவம் சொல்கிறது. கோமகனுடையது என்று கணக்கேடு சொல்கிறது. உருவத்தைப் பொய் என்று தள்ளிவிடலாமா? கூடாது. அச்சு வெட்டியவன் கணக்கேட்டை எழுதவில்லை. அவன் தன் தொழிலில் நாணயம் உடையவனாகவே இருந்திருக்கிறான்: ஒரு கோடு பிசகவில்லை, ஓர் இதழ் குறையவில்லை. செம்பு கலந்த வெள்ளியிலும் அதே கவனத்தோடு சிங்கத்தின் பிடரியைக் கீறியிருக்கிறான்.

இக்காசுகள் புரண்ட மேசைகள் எப்படி இருந்தன என்பதற்கும் சான்று உண்டு. கோலார் தெ மார்க், வில்லம் ருவேல் என்னும் புரூஜ் நகரத்து நாணயமாற்றுக்காரர் இருவரின் கணக்கேடுகள், 1366-க்கும் 1370-க்கும் இடைப்பட்டவை, எஞ்சியுள்ளன. ரேமோன் தெ ரூவர் 1948-இல் வெளியிட்ட நூலில் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். காசைக் கையால் தொடாமலே ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குத் தொகையை மாற்றி எழுதும் வழக்கம் அப்போதே அங்கு இருந்தது. பொற்சிங்கம் புதிதாக வெளிவந்த அதே ஆண்டுகளில், பொன்னுக்குப் பதில் மை பேசத் தொடங்கிவிட்டது!

1379-இல் கென்ட் நகரம் கோமகனுக்கு எதிராகக் கிளர்ந்தது. புரூஜ் நகரத்தார் தோண்டிய கால்வாய் அதற்கு உடனடிக் காரணம். 1382-இல் ரோசபெக்கப் போரில் பிரெஞ்சுப் படை கென்ட் மக்களை நசுக்கியது. லூயி இறந்தபின் நாடு அவன் மருமகனான பர்கண்டிக் கோமகன் தீரர் பிலிப்பின் கைக்குச் சென்றது. இவன் 1388 முதல் ஆங்கிலப் பொற்காசான 'நோபில்' காசைப் பாவனை செய்து அடிப்பித்தான்: கப்பலில் வாளும் கேடயமும் ஏந்தி நிற்கும் மன்னன், பின்பக்கத்தில் எட்டு வளைவுச் சட்டத்துள் மலர்ச் சிலுவை. ஆங்கிலக் காசிலிருந்து பிரித்தறிய முடியாதபடி நெருங்கிய, ஆனால் சற்றே குறைந்த இக்காசு இங்கிலாந்துக்குள் புகுந்து அந்நாட்டாரை வெகுளச் செய்தது. கலை நோக்கில் இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கைத்திறன் உண்டு, சிந்தனை அயலது.

தீரர் பிலிப்பின் பேரன் நல்ல பிலிப் காலத்தில்தான் காசுக்கு நாணயம் திரும்பியது. பல நாடுகளை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த அவன், 1433-34-இல் அவற்றுக்கெல்லாம் பொதுவான காசுமுறையை ஏற்படுத்தி, இருபது ஆண்டுகள் தரத்தை மாற்றுவதில்லை என்று நாட்டுப் பேராளர்களுக்கு வாக்களித்தான். வாக்கைப் பெரும்பாலும் காத்தான். அப்போது வந்தது குதிரைவீரன் காசு. ஓங்கிய வாளும் பறக்கும் குதிரையும் அதில் உண்டு, மாடம் இல்லை. பெத்ருஸ் கிறிஸ்துஸ் 1449-இல் தீட்டிய பொற்கொல்லர் கடை ஓவியத்தில், விற்பனைப் பலகையின் மேல் கிடக்கும் காசுகளிடையே இக்குதிரைவீரனும் இருக்கிறான். காசைக் காசாகவே மதித்து, ஒவ்வொன்றையும் இன்னது என்று அறியும்படி எழுதிய ஓவியக் கண் அது.

1454-இல் சிங்கம் மீண்டும் மாடம் ஏறியது. எடை 4.25 கிராம் அளவு. மதிப்பு 60 குரோட். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய சிங்கத்தோடு இதை ஒப்பிடுவது பயன் தரும். விதானம் அதேதான், ஆனால் தலைக்கவசம் போய்விட்டது. சிங்கத்தின் முகம் முதன்முறையாக வெளியே தெரிகிறது. பிடரி சுருள்சுருளாக விழுகிறது. இருபுறமும் தீத்தட்டி இரும்புகள்: பிலிப் 1430-இல் புரூஜ் நகரில் நிறுவிய பொற்கம்பளி வீரர் சங்கத்தின் மாலையிலும் உள்ள குறி. பழைய சிங்கத்திடம் ஒரு புதிர் இருந்தது. கவசத்தின் கண்பிளவுக்குள் யார் என்று கேட்கத் தூண்டியது. புதிய சிங்கத்திடம் புதிர் இல்லை. அழகாக அமர்ந்திருக்கிறது, அரண்மனைக்குப் பழகிய விலங்கு அது. நிமிர்வு குறைந்து மென்மை கூடிவிட்டது. வேலைப்பாட்டைக் கண்டு போற்றுவோர் பிற்காலத்ததையே உயர்வாகச் சொல்வர். கருத்தாழத்தில் 1365-ஆம் ஆண்டுச் சிங்கமே மேம்பட்டது. மாற்றில் நேர்மையான காலம் கலையில் சிறிது தளர்ந்ததும், மாற்றில் ஏமாற்றிய காலம் கலையில் ஓங்கி நின்றதும் வரலாற்றின் குறும்பு.

இத்தாலியில் காற்று வேறு திசையில் வீசிக்கொண்டிருந்தது. பிசனெல்லோ 1438-ஐ ஒட்டியே பைசாந்தியப் பேரரசனின் முகத்தைப் பதக்கத்தில் வார்த்துவிட்டார். 1474-இல் மிலான் நகரத்துக் காசில் ஆட்சியாளனின் முகம் உயிரோடு புடைத்து எழுந்தது. தடித்த வெள்ளியும் ஆழ்ந்த அச்சும் சிற்பத்தைக் காசுக்குள் மீண்டும் அழைத்துவந்தன. மாடமும் விதானமும் இடம் அடைக்கும் பழம்பொருள்கள் ஆயின. பிளாண்டர்சில் அம்மாற்றம் வரச் சற்றுக் காலம் பிடித்தது. நல்ல பிலிப்பின் இறுதி நாளையொட்டி 1466-67-இல் வெளிவந்த பொற்காசில் புனித ஆந்திரேயர் தம் பெருக்கற்குறிச் சிலுவையைத் தாங்கி நிற்கிறார். அவர் தலைக்குமேல் விதானம் இல்லை. பொன்னும் 24-க்கு 19 மாற்றுதான்.